ஏறு பூரான், இறங்கு பூரான்

எனக்குத் தலையில் ரெட்டைச் சுழி. உச்சியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வகிடு எடுக்கும்போதெல்லாம் அம்மா சீப்பை நிறுத்தி ஒரு பெருமூச்சு விடுவாள். ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம் என்று ஊரில் பேச்சு. பெண் பார்க்க வந்த அன்று எண்ணெய் வைத்துப் படிய வாரி, மேலே ஒரு பந்து மல்லிகையைக் கவிழ்த்து மூடித்தான் என்னை உட்கார வைத்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டாவது ஆள் வரும்போது முன்கூட்டியே சொல்லு. நான் கொஞ்சம் நகந்து உக்காந்துக்கறேன்."

ரெண்டாவது ஆள் நாலு காலில் வந்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், போர்ஷனில் குடியிருந்தோம். அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நான் தி.நகரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் வெளியே கேட்காது என்று நினைத்துக்கொண்டு மனிதர்கள் அப்படிக் கத்துவார்கள். நான் காலேஜ் பக்கம் போனதில்லை. படித்ததெல்லாம் அந்தக் கூண்டில்தான். ஒரு அம்மாள் வாரம் தவறாமல் பம்பாய்க்குப் பேசிவிட்டு, கடைசியில் மகனிடம், "உங்கப்பா கேட்டா நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. நீ மட்டும் நம்பாத" என்பாள். இப்படி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

நான் சார் என்று கூப்பிடுகிறவரையும் அங்கேதான் பார்த்தேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், விறைப்பான மீசை. பெங்களூருக்குப் போட்டு யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். "கால் எப்படி? கண் எப்படி? குணம் எப்படி? கடிக்கிற பழக்கம் உண்டா?" கடைசிக் கேள்வி கொஞ்சம் உறுத்தினாலும், சில்லறை கொடுக்கும்போது நான் விசாரித்தேன். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா சார்?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குதிரைம்மா."

நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். சாருக்கும் மீசை அசைந்தது. "பயமில்லேன்னா ஞாயித்துக்கிழமை கிண்டிக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேஸ் கோர்ஸ் மதிலைத் தாண்டி ஒரு சந்துக்குள் அவருடைய லாயம். அஸ்பெஸ்டாஸ் கூரை, நாலைந்து குதிரைகள், மணல் கொட்டிய ஒரு வட்டம். சுடிதாரும் வீட்டுக்காரருடைய கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு போனேன். ஷூவுக்குள் காகிதம் திணித்திருந்தது. சார் அதிகம் சொல்லித்தர மாட்டார். "ஏறு" என்பார். ஏறுவேன். விழுந்தால், "ம், ஏறு." அழுதாலும் அதே ஏறுதான். இப்படியே நானாக ஒரு மாதிரி கற்றுக்கொண்டேன். யாரும் ஏறாத ஒரு குதிரையை ஓட்டிவைக்க அவருக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த யாரும் ஏறாத குதிரைதான் இவன். ரேஸில் ஓடி ஒன்றுக்கும் வராமல் வெளியே தள்ளப்பட்டவன். சாம்பல் நிறம். ஆட்டுக்கல் நனைந்திருக்கும்போது ஒரு நிறம் இருக்குமே, அது. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை தூக்கமாட்டான். "துரை எழுந்தாச்சா?" என்று கேட்டால்தான் ஒரு காது திரும்பும். அதனால் அவன் எங்களுக்குத் துரை. சட்டைப் பை கண்டால் விடமாட்டான். மூக்கை விட்டுத் துழாவி, இருப்பதைத் தின்றுவிடுவான். வீட்டுக்காரர் முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது பையிலிருந்த பல்லவன் பஸ் சீட்டைத் தின்றான். "முதல் சந்திப்பிலேயே சொத்துல கை வெச்சுட்டானே" என்றார் அவர். அடுத்த தடவை வரும்போது பையில் கடலை மிட்டாய் இருந்தது.

ஒரு நாள் சார் அவனைத் தடவிக்கொண்டே சொன்னார். "தடை தாண்டுற குளிர்காலப் போட்டி வருதே, அதுல இவன் ஒரு சுத்து ஒழுங்கா தாண்டி முடிக்கணும். முடிக்கலேன்னா என்னால வெச்சுத் தீனி போட முடியாது. பீச்சுதான்."

பீச் என்றால் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மணலில் நாள் முழுக்கப் போய்வருகிற குதிரைகள். விலா எலும்பு தெரியும். கண்ணில் ஈ மொய்க்கும், தலையைக்கூட ஆட்டாது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் வீட்டுச் சொந்தக்கார மாமியிடம் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"மாமி, பின்னாடி கிணத்தடியில ஒண்ணு கட்டிக்கலாமா?"

"கொடியா? தாராளமா கட்டிக்கோ."

"கொடி இல்ல. கொஞ்சம் பெரிசு."

"பசுவா! மகாலட்சுமின்னா வரா!"

"பசு மாதிரிதான் மாமி. பால் மட்டும் தராது."

மாமிக்கு விஷயம் புரிந்ததும் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் கேட்டார். அதை நான் மறக்கவில்லை. மாமி மறுத்துவிட்டதால் துரையைக் காப்பாற்ற மிச்சமிருந்தது ஒரே வழி. அவனும் நானும் ஒரு சுற்றைத் தாண்டி முடிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் குதிரைக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். அடையாற்றங்கரையில் மாடு வைத்திருந்தவர். கரையைக் காலி பண்ணச் சொன்னபோது மாடுகளை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே போய், விடியும் முன் பஸ் பிடித்துக் குதிரைக்கு வருகிறவர். நான் அவரை அண்ணா என்பேன். ஒரு நாள் துரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"யம்மா, இங்க வந்து பாரு. பூரான் கீது."

"ஐயோ, தட்டி விடுங்கண்ணா!"

"அட, கடிக்கிற பூரான் இல்லம்மா. சுழி."

சேணம் உட்காரும் இடத்தில், முதுகெலும்பின் மேல், ஒரு சுழி இருந்தது. அதிலிருந்து மயிர் இரண்டு பக்கமும் பிரிந்து பிரிந்து ஒரு விரல் நீளத்துக்கு ஓடியது. அச்சு அசல் பூரான். கால்கள்கூடத் தெரிந்தன. இத்தனை நாள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாட்டுக்கு இது பெரிய விஷயமாம். பூரான் திமிலைப் பார்த்து ஏறினால் ஏறு பூரான், வைத்திருக்கிற குடும்பம் ஏறிக்கொண்டே போகும். திமிலைவிட்டு இறங்கினால் இறங்கு பூரான். சந்தையில் அந்த மாட்டை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

"இது எதுண்ணா?"

தலைப் பக்கம் போய் நின்று பார்த்தார். வால் பக்கம் போய் நின்று பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதாம்மா பேஜாரா கீது. குதிரைக்கு ஏது திமிலு? முன்னால தோளும் ஒசரம், பின்னால இடுப்பும் ஒசரம். நடுவுல பள்ளம். எங்க போனாலும் ஏத்தம்தான், எங்கேர்ந்து வந்தாலும் எறக்கம்தான்."

"அப்ப குதிரைக்கு இதெல்லாம் கிடையாதுன்னு விடுங்க."

"நான் உட்டுட்டேம்மா. அது உடணுமே."

இதைக் கேட்டதும் சாதாரணமாக நான் ரசித்துச் சிரித்திருப்பேன். அன்று சேணத்தைப் போட்டு வாரை இழுத்தபோது, அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முன்னால் பழக்கத்துக்காக ஒரு சின்னப் போட்டி நடந்தது. இரண்டாவது தடையில் துரை நின்றான். மறுபடி கொண்டுபோனேன், நின்றான். மூன்றாவது தடவை நின்றபோது நான் மட்டும் தாண்டினேன். கட்டைகளுக்கு நடுவில் கிடந்த என்னைத் தூக்க ஓடிவந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார். "எறக்கி உட்டுச்சேம்மா." யார் என்று நான் கேட்கவில்லை.

மழை விட்டபிறகு இன்னொரு போட்டி. அன்று அவனுக்கு என்ன தோன்றியதோ, கிணற்றில் வாளி இறங்குவது போல அவ்வளவு சுலபமாகப் போனான். ஒரு கட்டை மட்டும் விழுந்தது. மூன்றாவது பரிசு. "நான்தான் சொன்னேனே, ஏறு பூரான்!" என்று அண்ணன் அந்தப் பக்கம் போன எல்லோரிடமும் சொன்னார். பரிசாகக் கொடுத்த ரிப்பனை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அடுத்த வாரம் பயிற்சியில் அவன் மிரண்டு ஓடி, மதிலோரம் என்னை உருட்டிவிட்டான். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு பூத்தில் உட்கார்ந்திருந்தேன். "எதுக்கும் இன்னொரு தபா பாத்துர்றேன்" என்று அண்ணன் அன்றைக்கும் சேணத்தைக் கழற்றி, தலைப் பக்கமும் வால் பக்கமும் மாறி மாறி நின்றாராம்.

அதற்குப் பிறகு அந்தப் பூரான் என்னோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. தோளில் போட்ட கட்டை அவிழ்த்து மறுபடி சேணத்தில் உட்கார்ந்ததும், தோலுக்கும் துணிக்கும் அடியில் அது மெல்லத் திரும்புவது தெரிந்தது. வெறும் பிரமை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? பூத்தில் மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடும்போது அதன் கால்கள் ஓடின. தலை வாரும்போது சீப்பு சுழியில் தட்டினால் கை நின்றுவிடும். அம்மா நிறுத்துவாளே, அதே மாதிரி.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் எனக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே பேச்சுக்கொடுத்தார். "இந்த ரெட்டைச் சுழிய பத்தி யோசிச்சேன்."

"என்னவாம்?"

"ரெண்டாவது கல்யாணம் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க. முதல் ஆளு என்ன ஆனான்னு ஒருத்தரும் சொல்றதில்லையே."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். வாக்கியம் முடியும்போது அது வேடிக்கையாக இல்லை. தைலம் தேய்க்கிற கை கொஞ்சம் நின்று, மறுபடி தேய்த்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ரெண்டாவது ஆள் என்ற பேச்சு எழவில்லை. அவர் ராத்திரி இருமினால் நான் விழித்துக்கொள்வேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுவேன். அவரும் ஒரு நாள்கூடப் போகாதே என்று சொல்லவில்லை. கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை என் பையில் போட்டு, "துரைக்கு" என்பார்.

சார் சொன்ன குளிர்காலப் போட்டி பொங்கல் கழிந்து வந்தது. வீட்டுக்காரர் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றார். வெயிலுக்கா மழைக்கா என்று கேட்டால், "கைக்கு" என்றார். மணி அடித்தது.

முதல் தடை சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள். அவன் காதுகள் முன்னால் போயின. நான் முழங்காலை இறுக்கினேன், தாண்டினான். அடுத்தது. அடுத்தது. எல்லாவற்றிலும் எனக்கு அடியில் அது ஊர்ந்துகொண்டே இருந்தது. தலையை நோக்கியா வாலை நோக்கியா என்று பிடிபடவில்லை. கடைசியில் செங்கல் போலப் பெயிண்ட் அடித்த ஒரு மரச்சுவர். அதன் முன்னால் அவன் ஒரு அடி தயங்கினான். நான் வாயைத் திறந்தேன். வந்தது சாருடைய சொல்தான். "ஏறு."

எழும்பினான். மேலே இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அடியில் ஒன்றுமே இல்லை. பூரான் இல்லை, சேணம் இல்லை, நான்கூட இருந்தேனா தெரியாது. மணலில் கால் பட்ட சத்தம் கேட்டு, பிறகு கைதட்டல் கேட்டது. ஒரு கட்டைகூட விழவில்லை.

முதல் பரிசு என்றார்கள். அண்ணன் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். வீட்டுக்காரர் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து துரைக்கு முன்னால் நின்று, சட்டைப் பையை ஒரு விரலால் திறந்து காட்டினார். துரை மூக்கை விட்டு மிட்டாயைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டான். "பொழைச்சிக்கிட்டடா" என்றார் அவர். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. பீச் இல்லை. முடிந்தது, அவன் நம்மோடுதான் என்று நினைத்தேன்.

சேணத்தைக் கழற்றப் போனபோது, தொப்பி போட்ட ஒருவர் துரையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். சாரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இங்கிலீஷில்தான் கேட்டார். ஆனால் அந்த மூன்று கேள்வியும் எனக்கு எந்த பாஷையிலும் புரியும். கால் எப்படி. கண் எப்படி. குணம் எப்படி.

மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

"சார்" என்று போய் நின்றேன். "ஒழுங்கா முடிச்சா வெச்சுக்கறேன்னு சொன்னீங்களே."

சாருக்குக் கோபம் இல்லை. வருத்தமாகத்தான் பார்த்தார். "முடிக்கலேன்னா பீச்சுன்னு சொன்னேன். முடிச்சா வெச்சுக்கறேன்னு எப்பம்மா சொன்னேன்? இன்னிக்குத்தான் இவனைக் கேக்க ஒரு ஆள் வந்திருக்கான். நல்ல இடம். வெளியூர்."

அவர் சொல்லவில்லைதான். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவள் நான். சொல்லாத பாதியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

லாரி வந்த அன்று காலை துரை பலகையில் கால் வைக்க மறுத்தான். சார் இழுத்தார், அண்ணன் தள்ளினார். முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றான். கண்ணில் வெள்ளை தெரிந்தது. டிரைவர் மணியைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கேப்பான்" என்றார். குச்சியை எடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கிட்டே போய்க் கழுத்தில் கை வைத்தேன்.

"துரை. ஏறு."

ஏறினான். உடனே ஏறினான். பலகை சாய்வில் அவன் போகும்போது வெற்று முதுகில் அந்தப் பூரானும் மேலே மேலே போனது. அண்ணன் பின்னால் நின்று கையைக் கூப்பினார். "பாத்தியாம்மா, ஏறு பூரான்தான்" என்றார். எனக்கு ஆறுதலுக்குத்தான் சொன்னார். வண்டி திரும்பும்வரை அவன் குளம்பு பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்குள் சார் லாயத்தை மூடிவிட்டு பாலவாக்கம் பக்கம் வீடு பார்த்துப் போனார். வெளியூர்க்காரர் துரையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம், அவர் இன்னொருவருக்குக் கொடுத்தாராம். விசாரிக்க விசாரிக்க ஆள் மாறிக்கொண்டே போனது. அண்ணன் ஒரு நாள் பூத்துக்கு வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனார். சாம்பல் குதிரைக்கு வயதாக ஆக நிறம் வெளுத்துக்கொண்டே வருமாம். கடைசியில் முழு வெள்ளையாம். "நீ பழைய நெறத்தையே தேடிக்கினு இருக்காதே, அதான் சொன்னேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிலிருந்து எந்த வெள்ளைக் குதிரையைக் கண்டாலும் எனக்கு நடை நின்றுவிடும். கல்யாண ஊர்வலத்தில், போலீஸ் வரிசையில், கடற்கரையில். எல்லாவற்றின் மேலும் சேணம் இருக்கும். அதைத் தூக்கினால்தானே தெரியும்?

இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரும் நானும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். அவருக்கும் முடி வெளுத்திருந்தது. மணலில் ஒரு வெள்ளைக் குதிரை, சிவப்புக் குஞ்சம் கட்டி, ஒரு குழந்தையை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"ஒரு ரவுண்டு போறியாம்மா?" என்றார் குதிரைக்காரர்.

"சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவீங்களா?"

"இன்னாத்துக்கு? வாங்கப் போறியா?"

"பாக்கணும். அவ்வளவுதான்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வாரைத் தளர்த்தித் தூக்கினார். சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஆறிப்போன ஒரு பழைய புண். மயிர் இல்லாமல் வழவழவென்று, என் உள்ளங்கை அளவு. பூரான் அங்கே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நான் தலைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். வால் பக்கம் போய் நின்று பார்த்தேன். "துரை எழுந்தாச்சா?" என்று கேட்டேன். ஒரு காது திரும்பியது. பேச்சுக் கேட்டால் எந்தக் குதிரைக்கும் காது திரும்பும்.

"அவனா?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியல."

அவர் சுண்டல் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பு மணலில் புதையப் புதைய நடந்து குதிரைக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை, பஸ் சீட்டு மட்டும்தான். பையை ஒரு விரலால் திறந்து பிடித்துக்கொண்டார். காத்திருந்தார். குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு குழந்தை வந்து தனக்குத்தான் அடுத்த ரவுண்டு என்று கத்தியது.

குதிரை தலையைக் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பையை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.